வெட்டி எடுக்க முடியாதது

கேள்வி இது: "நண்பர்கள் சொன்னார்கள் என்று 'ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்' பார்த்தேன். அந்த வீடியோ டேப் காட்சியோடு நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாக மனசே சரியில்லை. சின்ன பட்ஜெட்டில் எடுத்த இந்த மாதிரிக் கொடூரமான ஹாரர் படங்களைக் கொண்டாடுகிறவர்கள் எதைத்தான் ரசிக்கிறார்கள்? அந்த ரசனை பழகக்கூடியதா? பழகத்தான் வேண்டுமா?"

நீங்கள் நிறுத்தியதில் ஒரு தவறும் இல்லை. இயக்குநர் ஜான் மெக்நாட்டன் மனதில் வைத்திருந்த பார்வையாளர்களில் நீங்களும் ஒருவர் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, வேறொரு படத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன், சில இடங்களில் விவரிப்பும் கடுமையாக இருக்கும்.

'ரசிப்பது' என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. ரசிப்பது என்றதும் இனிப்புச் சாப்பிடுவதுபோல ஒரு சுகம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, எட்டாகச் சொல்லும்போது நகை, உவகையோடு சேர்த்து அச்சத்தையும் இளிவரலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. இளிவரல் என்றால் அருவருப்பும் இழிவும் கலந்த அந்தச் சுருங்கல். அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. மென்மை என்பதை வலுவின்மை, இல்லாமை என்று எடுத்துக்கொள்ளலாம். பேய்ப்படம் பெரும்பாலும் அச்சத்தோடு நின்றுவிடும். நீங்கள் கேட்கும் வகைப் படம் அச்சத்தை இளிவரலோடு பிசைந்து தருகிறது. பயம் படம் முடிந்ததும் போய்விடும். இளிவரல் இரண்டு நாள் தங்கும். உங்களுக்குத் தங்கியது அதுதான்.

சரி, அந்த இன்னொரு படம் டோபி ஹூப்பரின் 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்', 1974-ல் வந்தது. முந்தைய ஆண்டு கோடையில் டெக்சாஸின் ஆஸ்டினையும் ரவுண்ட் ராக்கையும் ஒட்டிய பகுதிகளில், 1,40,000 டாலருக்கும் குறைவான செலவில், 16 மி.மீ. கேமராவில் எடுக்கப்பட்டது. நடிகர்களில் யாரும் பிரபலமில்லை. பெயரைக் கேட்டால் திரை முழுக்க ரத்தம் ஓடும் என்றுதான் தோன்றும். நான் முதல்முறை பார்த்துவிட்டு, ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியில் கொக்கி முதுகில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு ஷாட்டே கிடையாது. கொலைகாரன் அவளைத் தூக்குகிறான், நாம் அவள் முகத்தைப் பார்க்கிறோம், அவள் காலுக்குக் கீழே ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. அவ்வளவுதான். தொட்டி எதற்கு என்று நம் மனம் கேட்டுக்கொள்கிறது, பதிலையும் அதுவே சொல்லிக்கொள்கிறது. பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்னும் பி.ஜி. சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பி ஹூப்பர் ரத்தத்தைக் குறைத்தார். கிடைத்தது அதைவிடக் கடுமையான ஆர், சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமானது பிரிட்டனில் நடந்தது. அங்கே தணிக்கை வாரியம் 1975-ல் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. பிறகு வெட்டி வெளியிட முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. ஏனென்றால் 'இந்த ஐந்து நொடியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. தொந்தரவு படத்தின் எல்லாப் பக்கமும் பரவியிருந்தது. கடைசியில் 1999-ல்தான் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தார்கள். இந்த வகைப் படங்களை நான் எடைபோடும் முறையே இந்தச் சம்பவத்திலிருந்து வந்தது. ரத்தக் காட்சிகளை மனதிற்குள் வெட்டிப் பாருங்கள். மிச்சமிருக்கும் படம் இன்னும் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் அது பார்க்க வேண்டிய படம். வெட்டியதும் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது வெறும் ஒப்பனைத் திறமை.

'செயின் சா'வில் மிஞ்சுவது ஏராளம். ஐந்து இளைஞர்கள் வேனில் போகிறார்கள், வழியில் ஒருவனை ஏற்றிக்கொள்கிறார்கள். அவன் இறைச்சிக் கொட்டிலில் மாடு கொல்வதைப் பற்றிப் பேசுகிறான். முன்பு சம்மட்டியால் அடிப்பார்கள், இப்போது காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது, அதனால் ஆட்களுக்கு வேலை போய்விட்டது என்கிறான். முதல்முறை பார்க்கும்போது கிறுக்கனின் உளறல் போலத் தோன்றும். அரை மணி நேரம் கழித்து, வீட்டுக்குள் நுழைந்த ஒரு பையனின் தலையில் சம்மட்டி விழும்போது அவன் உடல் தரையில் துடிக்கும் விதம் மாட்டின் துடிப்பாகவே இருக்கும். உடனே ஒரு இரும்புக் கதவு இழுத்து மூடப்படுகிறது. பின்னணி இசையால் முன்கூட்டி எச்சரிப்பதில்லை, கேமரா கிட்டே ஓடுவதும் இல்லை. கொட்டில் வேலைக்காரன் தன் வேலையைச் செய்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்காரர்கள் வேலை போன இறைச்சிக் கொட்டில் குடும்பம். தொழில் போய்விட்டது, கை மட்டும் பழக்கத்தை மறக்கவில்லை.

தொல்காப்பியம் சொன்ன நான்கும் இந்த வீட்டில் குடியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடைசிப் பகுதியில் ஒரு தாத்தாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்கிறார்கள். உயிர் இருக்கிறதா என்றே சந்தேகப்பட வைக்கும் கிழவர். ஒரு காலத்தில் கொட்டிலிலேயே பெரிய கைகாரர் என்று பெருமை பேசுகிறார்கள். அவர் கையில் சுத்தியலைக் கொடுத்து, பிடித்து வைத்திருக்கும் பெண்ணை அடிக்கச் சொல்கிறார்கள். சுத்தியல் அவர் கையிலிருந்து நழுவி நழுவி விழுகிறது. மறுபடி எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுபடி விழுகிறது. அந்தக் குடும்பத்தின் கண்ணில் இது தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சிரிப்பும் எட்டிப்பார்க்கிறது, அந்தச் சிரிப்புக்காகவே வெட்கப்படுகிறோம். பெரிய நிறுவனப் படமாக இருந்தால் யாராவது ஒரு தயாரிப்பாளர் இந்தக் காட்சி நீளம், குறையுங்கள் என்று சொல்லியிருப்பார். இங்கே சொல்ல ஆள் இல்லை.

அந்தக் குடும்பத்தின் முகமூடிக்காரக் கொலைகாரன் லெதர்ஃபேஸைப் பற்றியும் ஒன்று. மூன்றாவது ஆளைக் கொன்றதும் அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தவிக்கிறான். இத்தனை பேர் எங்கிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஒரு நொடி, பயந்தது அவன்தான் என்று தெரிகிறது. அந்த ஒரு நொடிக்காக இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காசு இல்லாததால் என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நிறுவனங்களைச் சாராத இந்தப் படங்களைக் குறிக்கும் 'சுயாதீன' என்ற சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் இருக்கும் எலும்புகளைக் கலை இயக்குநர் ராபர்ட் பர்ன்ஸ் சுற்றுவட்டாரத்தில் தேடிப் பொறுக்கிவந்தார். இரவுக் காட்சியான அந்தச் சாப்பாட்டு மேசைப் பகுதியை ஜன்னல்களை மூடிவிட்டு ஒரே மூச்சில், 26 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். டெக்சாஸ் கோடை, மேலே விளக்குச் சூடு, மேசையில் கெட்டுக்கொண்டிருந்த இறைச்சி. லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சனுக்கு இருந்தது ஒரே உடை, சாயம் போய்விடும் என்று அதைத் துவைக்கவே இல்லை. நடிகர்கள் முகத்தில் தெரியும் வெறுப்பும் களைப்பும் பெரும்பாலும் உண்மையானவை. கதாநாயகி மேரிலின் பர்ன்ஸின் விரலை அறுக்கும் காட்சியில் போலி ரத்தக் குழாய் வேலை செய்யாததால் விரலை நிஜமாகவே அறுத்துவிட்டார்கள். இதைப் பெருமையாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு இதில் பெருமை இல்லை. அந்தப் படத்தை மதிக்கிறேன், அந்த நாளை மதிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வருவோம்.

'ஹென்றி' சிகாகோவில் 1985-ல் ஏறத்தாழ 1,10,000 டாலரில், இதுவும் 16 மி.மீ.யில் எடுக்கப்பட்டது. பணம் போட்டவர்கள் வீடியோ கேசட் வியாபாரிகள். கடையில் விற்க மலிவாக ஒரு ரத்தப் படம் வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. மெக்நாட்டன் கொடுத்தது வேறு. 1986-ல் சிகாகோ திரைப்பட விழாவில் காட்டியும் 1990 வரை முறையாகத் திரையரங்குக்கு வர முடியவில்லை, அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு வயது வந்தவர்களுக்கு மட்டும் என்னும் எக்ஸ் முத்திரை குத்தியிருந்தது. எதை வெட்டினால் ஆர் கிடைக்கும் என்று கேட்டபோது, வெட்டி ஒன்றும் ஆகாது, படத்தின் மொத்தத் தொனியே பிரச்சினை என்று பதில் வந்ததாக மெக்நாட்டன் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் 'செயின் சா'வுக்கு நடந்த அதே கதைதான்.

ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன பெண்களும் ஆண்களும் அசையாமல் கிடக்கிறார்கள். கேமரா மெதுவாக நகர்கிறது. அவர்கள் செத்தபோது எழுந்த சத்தம் மட்டும் அந்த அசையாத படங்களின் மேல் ஒலிக்கிறது. கொலையைக் காட்டுவதில்லை, கேட்க வைக்கிறார்கள். அப்படித் தொடங்கிய படம் நடுவில் ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் காட்டுகிறது. தொடர் கொலைகாரன் ஹென்றியும் அவன் கூட்டாளி ஓட்டிஸும் திருட்டுப்பொருள் விற்கும் ஒருவனைக் கொன்று ஒரு கேம்கார்டரை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த குடும்பத்தைக் கொல்வதை அதில் பதிவு செய்கிறார்கள். நமக்குத் தெரிவது அந்தப் பதிவுதான். தேய்ந்த வீடியோ நிறம், ஆடும் கேமரா, ஒரு கட்டத்தில் கேமரா சாய்ந்து கிடக்க அதன் ஓரத்தில் நடப்பது மட்டும் தெரிகிறது. கட் எதுவும் இல்லாத ஒரே நீளம். இது இப்போது நடக்கிறது என்று நினைத்துப் பதறிக்கொண்டிருக்கிறோம். அப்புறம்தான் படம் காட்டுகிறது, ஹென்றியும் ஓட்டிஸும் சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. அதுவரை நாம் பார்த்தது அவர்களோடு, அதே டி.வி.யில்.

ஓட்டிஸுக்குப் போதவில்லை. டேப்பை ரீவைண்ட் செய்து மெதுவாக ஓட்டிப் பார்க்கிறான். நீங்கள் அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். அவன் டேப்பைப் பின்னோக்கி ஓட்டினான். அந்தக் காட்சி உங்களிடம் கேட்டதே அதைத்தான்: இதை எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? வன்முறைக் காட்சியை ஆர்வமாகப் பார்த்து, நல்ல இடம் வந்தால் ரீவைண்ட் செய்யும் வழக்கம் வீடியோ கேசட் காலத்து ஹாரர் ரசிகர்கள் பலருக்கு இருந்தது. மெக்நாட்டன் அந்த ரசிகனைக் கொலைகாரனின் சோபாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார், அதுவும் கேசட் வியாபாரிகள் கொடுத்த பணத்தில். உங்களுக்கு வந்த குமட்டல் இந்தப் படத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான விமர்சனம்.

ஆகவே இந்தப் படங்களை மதிக்கும் ஆள் எதைப் பார்க்கிறார் என்றால், கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது என்பதை. 1983-ல் வந்த ஆஸ்திரியப் படமான 'ஆங்ஸ்ட்' இதில் இன்னொரு எல்லை. ஒளிப்பதிவாளர் ஸ்பிக்னியூ ரிப்சின்ஸ்கி கேமராவைக் கொலைகாரனாக நடிப்பவரின் உடலிலேயே கட்டிவிட்டார். அவன் ஓடினால் உலகம் ஆடுகிறது, அவன் முகம் மட்டும் நடுவில் அசையாமல் நிற்கிறது. நமக்கு அவனிடமிருந்து விலகி நிற்க ஒரு அடி இடம்கூடக் கிடையாது. அதை ஒருமுறைதான் பார்த்தேன், எனக்கு அது போதும்.

ரத்தமே வேண்டாம் என்றாலும் இந்த வழியில் நடக்கலாம். டேவிட் லிஞ்சின் 'இரேசர்ஹெட்' 1977-ல் வெளியானது, பணம் தீர்ந்து தீர்ந்து எடுக்கப்பட்டதில் வருடக்கணக்கில் இழுத்தது. ஒரு இளைஞன், ஒரு அறை, ஓயாமல் அழும் ஒரு குழந்தை. அது குழந்தைதானா என்பதே கேள்வி. அதை எப்படிச் செய்தார் என்று லிஞ்ச் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் படத்தின் உயிர் ஆலன் ஸ்பிளெட்டோடு சேர்ந்து அவர் உருவாக்கிய சத்தத்தில் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஏதோ ஆலை ஓடுவதுபோல ஒரு தொடர் இரைச்சல், படம் முழுக்க. கைக்குழந்தையோடு தூங்காத இரவுகளைக் கழித்தவர்களுக்கு அந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். கனடாவின் எட்மன்டனில் கைல் எட்வர்ட் பால் 15,000 டாலரில், தன் பெற்றோர் வீட்டிலேயே எடுத்த 'ஸ்கினமரிங்க்' (2022) இன்னும் ஒல்லியானது. இரண்டு குழந்தைகள் இரவில் விழிக்கிறார்கள், அப்பா இல்லை, கதவுகளும் ஜன்னல்களும் மறைகின்றன. படம் பெரும்பாலும் கூரையின் மூலையையும் தரை விரிப்பையும் டி.வி. வெளிச்சத்தையும்தான் காட்டுகிறது. பலருக்கு அது பொறுமையைச் சோதிக்கும். எனக்கு நாலு வயதில் இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து, கூடத்தில் யாரோ நிற்பதாக நினைத்து உறைந்துபோன இரவு நினைவுக்கு வந்தது.

நான் போகாத இடமும் இருக்கிறது. இத்தாலிய இயக்குநர் ருஜெரோ டியோடாட்டோவின் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) தொழில்நுட்ப ரீதியில் முக்கியமான படம்தான். நடிகர்களை நிஜமாகக் கொன்றுவிட்டார் என்று சந்தேகப்பட்டு வழக்குப் போட்டார்கள், அவர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதில் விலங்குகளைக் கேமரா முன்னால் நிஜமாகவே கொன்றிருக்கிறார்கள், ஒரு பெரிய ஆமை உட்பட. அங்கே எனக்கு விவாதமே இல்லை. படம் எழுப்பும் கேள்வி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த ஆமையை அதற்குக் கூலியாக நான் ஏற்க மாட்டேன்.

இந்த வகைப் படங்களில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி வரும் குற்றச்சாட்டையும் தள்ளிவிடக் கூடாது. 'செயின் சா'வின் பின்பகுதியில் மேரிலின் பர்ன்ஸ் ஏறக்குறைய அலறிக்கொண்டே இருக்கிறார். அது அவளுடைய பயத்தை நமக்குள் இறக்குகிறது என்பது என் கட்சி. அவள் அலறுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்று எதிர்க்கட்சி சொல்கிறது. பல மலிவான நகல்களைப் பார்த்தபிறகு, அவர்கள் சொல்வது அந்த நகல்களின் விஷயத்தில் முழுக்கச் சரி என்று ஒத்துக்கொள்கிறேன்.

பழகக்கூடியதா என்று கேட்டீர்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முதலில் இதைத் தாங்கும் போட்டியாக ஆக்காதீர்கள். 'நான் கண்ணை மூடவே இல்லை' என்பது ஒரு சாதனை கிடையாது. மரத்துப்போன ஆளிடம் இந்தப் படங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, அதனால் மாதத்துக்கு ஒன்று போதும், வரிசையாகப் பார்க்காதீர்கள். கதையை முன்பே படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. திடுக்கிடல் போனால் போகட்டும், நான் சொன்ன படங்கள் அதை நம்பி நிற்கவில்லை. கண்ணை மூடத் தோன்றினால் மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள், ஹெட்ஃபோன் இருந்தால் இன்னும் நல்லது. படத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. பார்த்து முடித்ததும் யாரிடமாவது பேசுங்கள். வாழ்க்கையில் நிஜ வன்முறையை அனுபவித்தவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டிய கடமை எள்ளளவும் இல்லை. அப்படிப்பட்டவரை 'சும்மா படம்தானே' என்று இழுத்து உட்கார வைப்பவர் நண்பரில்லை.

தொடங்க வேண்டுமென்றால் 'ஹென்றி' தவறான வாசல். ஹெர்க் ஹார்வி கன்சாஸில் தொழில்துறைப் படங்களும் கல்விப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் எடுத்த ஒரே கதைப்படமான 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) கறுப்பு வெள்ளையில், ரத்தமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு கேளிக்கை அரங்கின் வெறுமையை மட்டும் வைத்து நடுங்க வைக்கும். அடுத்து ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பக்கம் எடுத்து 1968-ல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அதில் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள், கறுப்பு வெள்ளையில் தெரியாது. ஆனால் டுவேன் ஜோன்ஸ் நடித்த கறுப்பின நாயகனுக்குக் கடைசியில் நேர்வது எழுந்து நடக்கும் பிணங்களின் கையால் நேர்வதல்ல, அது 1968-ஆம் வருட அமெரிக்கா. பிறகு 'செயின் சா', கோடை மதியத்தில் பாருங்கள்.

'ஹென்றி'யின் மிச்சத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பார்த்தால் தெரிந்துகொண்டே பாருங்கள்: அந்த டேப்புக்குப் பிறகும் வன்முறை உண்டு, ஆனால் கடைசிக் கொலையைப் படம் காட்டுவதில்லை. ஓட்டிஸின் தங்கை பெக்கி ஹென்றியை நம்பி அவனோடு கிளம்புகிறாள், இருவரும் இரவில் ஒரு விடுதியில் தங்குகிறார்கள். காலையில் ஹென்றி தனியாகக் கிளம்புகிறான். வழியில் காரை நிறுத்தி, சாலையோரத்தில் ஒரு சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கேமரா அவன் பின்னால் போகவில்லை. அந்தப் பெட்டியருகே நின்றுவிடுகிறது, அதைத் திறக்கவும் இல்லை.